ஒரு மீற்றரில் இரு குடும்பங்கள்

இடம்பெயர்ந்து வாடகை அறைகளில் வாழும் எமது குடும்பங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் இடையில் மனத்தாங்கல் பெரும்பாலும் கரண்ட் காசால் வருகின்றது. மாத முடிவில் ஒரு தொகை சொல்லப்படும், பட்டியல் காட்டப்படாது. கேட்டால் எழும்பச் சொல்வார்களோ என்ற பயத்தில், விசேடமாகத் தாய் தனித்து நடத்தும் குடும்பங்கள், கடன்பட்டாவது கட்டிவிடுகின்றன.

வீட்டுக்காரர் ஏமாற்றுகின்றார் என்று உடனே தீர்ப்பிட வேண்டாம். பிணக்கின் வேர் பல இடங்களில் கட்டண முறையிலேயே உள்ளது. எமது நாட்டில் வீட்டு மின்சாரத்தின் விலை படிப்படியாக ஏறும். மாதம் 60 அலகைத் தாண்டினால் முதலாவது அலகிலிருந்தே விலை கூடிவிடும்.

2014 செப்டெம்பர் முதல் 2022 ஆகஸ்ட் வரை இருந்த விலைகளில் ஒரு கணக்குப் பார்ப்போம். (பின்னர் விலைகள் மாறின, படிமுறை மாறவில்லை.) 50 அலகு பாவித்த குடும்பம் தனி மீற்றரில் முதல் 30 அலகுக்கு 2.50 ரூபா வீதமும், மற்ற 20 அலகுக்கு 4.85 ரூபா வீதமும், நிலையான கட்டணம் 60 ரூபாவுமாக 232 ரூபா கட்டியது. அப்படி இரண்டு குடும்பங்களுக்கு 464 ரூபா. அதே 100 அலகும் ஒரே மீற்றரில் ஓடினால் பட்டியல் 1,528 ரூபா 50 சதம்! ஒருவரும் கூடப் பாவிக்கவில்லை, ஒருவரும் களவெடுக்கவும் இல்லை.

இங்கேதான் சண்டை. "நீங்கள் வருமுன் எங்களுக்கு 232 ரூபாதான்; மிச்சம் உங்களுடையது" என்பார் வீட்டுக்காரர். அது நியாயம்போலத் தோன்றும். நாம் அதை ஏற்கவில்லை. இரு வீட்டாரும் சேர்ந்தே படியைத் தாண்டினர். ஆகவே பாவித்த அலகுகளின் விகிதப்படி, மேற்படி கணக்கில் ஆளுக்குப் பாதியாக, பிரிப்பதே நேர்மை.

விகிதம் தெரிய அறைக்கு ஒரு சப் மீற்றர் வேண்டும். அதன் செலவை யார் ஏற்பது என்பதைக் குடிவரும்போதே பேசி எழுதுங்கள். சப் மீற்றர் இல்லாத இடத்தில், வீட்டுக்காரரின் வெங்காயத் தோட்டத்துப் பம்பியும் அதே மீற்றரில் ஓடுகின்றதா என்று பாருங்கள். ஒரு குதிரைவலுப் பம்பி ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ ஓர் அலகு எடுக்கும். 10 வாற் பல்ப் ஓர் அலகில் 100 மணித்தியாலம் எரியும். தோட்டம் செய்த எமக்கு இது விளங்காததல்ல.

மீற்றர் வாசிப்பை மாதந்தோறும் இரு வீட்டாரும் சேர்ந்து ஒரு கொப்பியில் குறித்து ஒப்பமிடுங்கள். பேசியும் தீராவிடின், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. கொப்பியையும் பட்டியல்களையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.