வரையறையும் வேற்றுமையும்: ஒரு களைச்செடி கற்பிக்கும் பாடம்

ஒரு பொருள் யாது என்று கூறுவதும், அது பிறவற்றினின்று எவ்வாறு வேறுபடுகிறது என்று கூறுவதும் இருவேறு செயல்கள் போலத் தோன்றும். ஆயினும், இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தே நிற்பன என்பதைச் செடிகளை இனங்கண்டு பழகியோர் அறிவர். புனே நகரில் கண்டறியப்பட்ட ஒரு களை இதற்குத் தக்க சான்றாகும்.

புனேயின் வடமேற்கே, முளா ஆற்றின் கரையில், போபோடி என்னும் பகுதி உள்ளது. எதிர்க்கரையிலுள்ள தாபோடியில் 1828 முதல் 1865 வரை அரசாங்கத் தாவரத் தோட்டம் ஒன்று நடைபெற்றது. ஆகவே, செடிகளை வகைப்படுத்தும் பணி இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. 1955ஆம் ஆண்டில் புனேயில் அயல்நாட்டுச் செடி ஒன்று தென்பட்டது. அது பார்த்தீனியம் என்பதைத் தாவரவியலார் ஆர். சேஷகிரி ராவ் 1956ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். வெப்பமண்டல அமெரிக்காவிற்குரிய இக்களை பின்னர் நாடெங்கும் பரவிற்று. மேய்ச்சல் நிலங்களைக் கெடுத்தது. தொடுவோர் பலருக்குத் தோல் அழற்சியை உண்டாக்கிற்று. எனவே இதனைப் பிழையின்றி அறிதல் இன்றியமையாதது. தவறாக அறிந்தால் நற்செடி பிடுங்கப்படும், களையோ நிலைத்துவிடும்.

நம் தருக்க நூலார் வரையறைக்கு மூன்று குற்றங்கள் கூறுவர். கூறிய அடையாளம் பொருள் முழுவதிலும் காணப்படாமை அவ்வியாத்தி. பசுவைக் கபில நிறமுடையது என்பது போல. பிற பொருள்களிலும் காணப்படுதல் அதிவியாத்தி. பசுவைக் கொம்புடையது என்பது போல. அப்பொருளில் எங்குமே இல்லாமை அசம்பவம். பசுவை ஒற்றைக் குளம்புடையது என்பது போல.

பார்த்தீனியத்தை வரையறுக்கப் புகுவோர் இம்மூன்றிலும் இடறக்கூடும். மராத்தியில் இதற்குக் காஜர் கவத், அதாவது கேரட் புல், என்று பெயர். இது சூரியகாந்திக் குடும்பத்தைச் சார்ந்ததாதலின், புல் என்பது அசம்பவம். இலை கேரட் இலைபோல் பிளவுபட்டது என்பது அதிவியாத்தி. மாசிபத்திரி முதலிய செடிகளின் இலைகளும் பிளவுபட்டவையே. ஐந்து மூலையுடைய சிறு வெண்பூங்கொத்து உடையது என்பது சிறந்த அடையாளம். ஆயினும் இளஞ்செடியில் பூ இல்லையாதலின், அது மட்டுமே கூறின் அவ்வியாத்தியாம்.

இளஞ்செடியை அறிவது எங்ஙனம்? இங்குதான் வேற்றுமை அறிவு உதவுகிறது. மாசிபத்திரி இலையின் அடிப்புறம் வெண்பஞ்சு போர்த்தாற்போல் இருக்கும். பார்த்தீனியத்தில் அவ்வாறு இல்லை. கேரட்டின் இலைக்காம்பு அடியில் விரிந்து உறைபோல் தழுவி நிற்கும். இதில் அவ்வுறை இல்லை. எந்த வேற்றுமையைத் தேட வேண்டும் என்பது, எதனோடு மயங்கும் என்பதைப் பொறுத்தது. புல்லினின்று பிரிக்கும் அடையாளம் மாசிபத்திரியினின்று பிரிக்கப் போதாது. ஆகையால், ஒரு பொருளின் இனத்தை அறியாதவன் அதன் வேற்றுமையையும் முறையாகத் தேட இயலாது.

வேற்றுமை அடையாளம் மட்டுமன்று, இயல்பிற்கு வழியுமாகும். பூங்கொத்தின் ஐந்து மூலைகளும் ஐந்து விளிம்புப் பூக்களால் ஆனவை. விதை தருவன அவையே. நடுப்பூக்கள் மகரந்தம் மட்டுமே தரும். ஒரு கொத்தில் விதை ஐந்தளவே. எனினும் ஒரு செடியில் ஆயிரக்கணக்கான கொத்துகள் தோன்றக்கூடுமாதலின், விதைப்பெருக்கம் மிகுதி. எனவே பூக்கும் முன்னரே களைய வேண்டும் என்னும் விதி பெறப்படுகிறது. பிரித்தறிய உதவிய ஐந்து மூலையே, செடி எவ்வாறு பரவுகிறது என்பதையும் விளக்கிவிடுகிறது.

ஆசிரியர்கள் பார்த்தீனியம், கேரட், மாசிபத்திரி ஆகியவற்றின் இலைகளை ஒருங்கே வைத்து மாணவருக்குக் காட்டலாம். பார்த்தீனியத்தைக் கையுறை அணிந்து ஆசிரியரே எடுத்தல் வேண்டும், மாணவர் தொடலாகாது. ஒவ்வொரு மாணவரும் ஒரு வாக்கியத்தில் அதனை வரையறுக்கட்டும். மற்றவர்கள் அவ்வாக்கியத்தில் மூன்று குற்றங்களுள் எது உள்ளது எனத் தேடட்டும். களப்பணியாளரும் பிடுங்குமுன் இவ்வினாவைத் தமக்குள் எழுப்பிக்கொள்வாராயின், நற்செடிக்குத் தீங்கு நேராது, களையும் தப்பாது.