பாலே நடன இசை: ஓர் அறிமுகம்

பரதத்திற்கு நட்டுவாங்கமும் மிருதங்கமும் எவ்வாறு உயிர்நாடியோ, அவ்வாறே ஐரோப்பியரின் பாலே நடனத்திற்கு வாத்தியக் குழுவின் இசை உயிர்நாடியாகும். பாலேயில் ஆடுவோர் பேசுவதில்லை. பாடல் வரிகளும் பெரும்பாலும் இல்லை. கதை முழுவதையும் இசையும் அபிநயமுமே கூறவேண்டும். எனவே, கதையைச் சிறிதளவு அறிந்துகொண்டு கேட்பின் அவ்விசை எவர்க்கும் எளிதில் விளங்கும்.

டென்மார்க்கின் பாலே இசை

நாம் வாழும் நாட்டிலிருந்தே தொடங்குவோம். டெனிஷ் திருமண விருந்துகளில், மணமக்கள் நடுவில் ஆட, விருந்தினர் கைதட்டியவாறு தம் வட்டத்தைச் சிறிது சிறிதாக நெருக்கி வருவதைச் சிலர் கண்டிருப்பீர்கள். அப்போது ஒலிக்கும் 'மணமகள் வால்ஸ்' ஒரு பாலே இசையே. அது 1854 இல் கோப்பன்ஹேகனில் அரங்கேறிய 'ஒரு நாட்டார் கதை' என்னும் நடன நாடகத்தைச் சேர்ந்தது. அதனை அமைத்தவர் டெனிஷ் பாலேயின் தந்தையெனப் போற்றப்படும் அவுகுஸ்ட் பூர்னொன்வில் (1805–1879).

தொட்டிலிலேயே பூதங்களால் மாற்றப்பட்ட மானிடப் பெண்ணொருத்தி, குன்றினுள் வளர்ந்து, தான் யார் என்பதை உணர்ந்து தன்னவரிடம் மீள்வதே கதை. மனிதர் உலகைக் காட்டும் முதலாம், மூன்றாம் அங்கங்களுக்கு நீல்ஸ் கேடவும், பூதங்கள் வாழும் இரண்டாம் அங்கத்திற்கு அவருடைய மாமனார் ஹார்ட்மனும் இசையமைத்தனர். இரண்டு உலகங்களுக்கு இரண்டு இசைகள்! இவ்வேறுபாட்டைக் கேட்டறிவது நல்ல முதற் பயிற்சியாகும்.

பூர்னொன்விலின் 'லா சில்பீட்' (1836) நாடகத்திற்கு இசையமைத்தபோது லோவென்ஷொல்டின் வயது 21 மட்டுமே.

ருஷிய நாட்டில்

உலகெங்கும் புகழ்பெற்ற பாலே இசை சைக்கோவ்ஸ்கியினுடையது. 'அன்னப் பொய்கை'யில் (1877) ஓபோ என்னும் துளைக்கருவி எழுப்பும் ஏக்கமான மெட்டு, அன்னமாக மாற்றப்பட்ட பெண்ணின் துயரை உணர்த்துகிறது. 'கொட்டை உடைப்பான்' (1892) நாடகத்தில் இனிப்புத் தேவதை ஆடும்போது, சிறு மணிகள் போல ஒலிக்கும் செலஸ்தா என்னும் கருவியைக் கேட்கலாம்.

தமிழ்நாட்டுத் தொடர்பு

1838 இல் கடலூரை அடுத்த திருவந்திபுரத்திலிருந்து தேவதாசியரும் இசைவாணரும் கொண்ட சிறு குழுவொன்று பாரிஸ் சென்று ஆடியது. அக்குழுவின் அம்மணி என்னும் நங்கையை எழுத்தாளர் தியோபில் கோத்தியே வியந்து எழுதினார்; சிற்பி பார் அவரது உருவத்தைச் சிலையாக வடித்தார். பின்னர் கோத்தியே, காளிதாசரின் சகுந்தலையைத் தழுவி 1858 இல் பாலே ஒன்றுக்குக் கதை எழுதினார். அதற்கு நடனம் அமைத்தவர் லூசியன் பெத்திபா. அவருடைய தம்பி மாரியுஸ் பெத்திபா 1877 இல் சென் பீட்டர்ஸ்பேர்க்கில் அரங்கேற்றிய 'லா பயடேர்', இந்தியக் கோயில் நடனமாதின் கதையாகும்.

ஆயினும், மின்குஸ் அதற்கு அமைத்த இசையில் நம் தாளமும் இராகமும் இல்லை. முற்றிலும் ஐரோப்பிய இசையே உள்ளது. இனிமையான இசைதான். ஆனால், நம் நடனமாதின் தோற்றம் மேடையேறியபோது, அவள் ஆடிய இசை மேடையேறவில்லை. இதனை உணர்வதற்கு இரு இசைகளையும் அறிந்த செவி வேண்டும். பிரெடெரிசியாவில் வளரும் எம் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு இயல்பாகவே கிட்டியுள்ளது. பெற்றோரே, ஒன்றைக் கற்பதற்காக மற்றொன்றை விலக்கவேண்டியதில்லை. இரண்டையும் கேட்கச் செய்யுங்கள்.

பயிற்சி

1. 'மணமகள் வால்ஸ்' இசையைக் கேட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணித் தாளமிடுக. அது நமது எத்தாளத்தின் நடையை நினைவூட்டுகிறது?

2. பாலே இசைத்துண்டு ஒன்றையும் பரதநாட்டியத் தில்லானா ஒன்றையும் கேட்டு, இரண்டிலும் ஒலிக்கும் கருவிகளைப் பட்டியலிடுக.

3. பாடல் வரிகள் இன்றி இசை எவ்வாறு துயரத்தை உணர்த்துகிறது? ஐந்து வாக்கியங்களில் எழுதுக.