பட்டமும் வேண்டும், பறக்கவும் வேண்டும்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி



பொதுத் தேர்வு முடிந்ததும் நம் ஒவ்வொருவர் முன்னும் ஒரு கேள்வி வந்து நிற்கும்: பிளஸ் ஒன்னில் எந்த குரூப்? மருத்துவம், பொறியியல், ஆசிரியப் பணி, வங்கி வேலை என்றால் வழி சொல்ல வீட்டில் சித்தப்பாக்களும் அத்தைகளும் இருக்கிறார்கள். விமானி ஆகப்போகிறேன் என்று ஒருத்தி சொன்னால் மட்டும் சற்று நேரம் பேச்சே நின்றுவிடுகிறது. பிறகு, "முதலில் ஒரு டிகிரியை வாங்கு, அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். எங்கள் அப்பாவும் அதையேதான் சொன்னார். பட்டம் என்றால் கல்லூரியில் வாங்குவதும் பட்டம், மொட்டை மாடியில் நூல் கட்டி விடுவதும் பட்டம். இவை இரண்டையும் ஒருத்தி சேர்த்துப் பிடிக்க முடியுமா என்று நான் படித்து அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெறக் கல்லூரிப் பட்டம் தேவையில்லை. வயது 18 நிறைந்திருக்க வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தாமே பொறுப்பேற்றுப் பறந்ததாக இருக்க வேண்டும். இரவில் 5 மணி நேரம், அதற்குள் 10 முறை ஏறி 10 முறை இறங்க வேண்டும். வெளியே பாராமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கு 10 மணி நேரம். 300 கடல் மைலுக்குக் குறையாத ஒரு நெடும் பயணம், அதில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி ஏறுதல். இவற்றோடு வழிகாட்டல், வானிலையியல், விமான விதிகள், விமானத் தொழில்நுட்பம் ஆகிய எழுத்துத் தேர்வுகளும் உண்டு. ஒவ்வொன்றிலும் 100க்கு 70 வாங்கினால்தான் தேர்ச்சி. நமக்கு 35 வாங்கினால் போதும் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்!

பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. இதைத் தளர்த்தலாமா என்ற பேச்சு 2025இல் எழுந்தது. தளர்த்தினாலும் கணக்கு நம்மை விடப்போவதில்லை என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்.

விமானிகளிடம் 'அறுபதுக்கு ஒன்று' என்றொரு விதி இருக்கிறது. 60 கடல் மைல் பறந்த பின் பாதையை விட்டு 1 கடல் மைல் விலகியிருந்தால், திசை 1 பாகை தவறியிருக்கிறது என்று பொருள். இது எங்கிருந்து வந்தது? நம் பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் இருந்துதான். டேன் 1 பாகையின் மதிப்பு சுமார் 0.0175. அதை 60ஆல் பெருக்கினால் 1.05, ஏறக்குறைய 1. இப்போது 30 மைல் பறந்த ஒரு விமானம் பக்கக் காற்றால் 2 மைல் விலகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 60 மைலுக்கு அது 4 மைல். ஆகவே பிழை 4 பாகை. விமானத்தை 4 பாகை திருப்பினால் சரியாகிவிடுமா? ஆகாது. பழைய பாதைக்கு இணையாக 2 மைல் தள்ளியே போய்க்கொண்டிருக்கும். சேருமிடம் இன்னும் 30 மைலில் இருந்தால் மேலும் 4 பாகை, ஆக மொத்தம் 8 பாகை திருப்ப வேண்டும். இதை ஒரு கையால் விமானத்தைப் பிடித்தபடி மனக்கணக்காகப் போட வேண்டும். "இந்த டேன் தீட்டா எங்கே பயன்படப் போகிறது?" என்று வகுப்பில் பின் வரிசையில் முணுமுணுக்கும் தோழியருக்கு இந்தப் பத்தியைச் சமர்ப்பிக்கிறேன்.

சட்டம் கேட்காதபோது பட்டம் எதற்கு? எங்கள் அப்பாவின் காரணம் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின் போட ஏதாவது வேண்டும் என்பது. அதை விட்டுவிடுவோம். வேறு வலுவான காரணங்கள் இருக்கின்றன. பயிற்சிக்கு ஆகும் செலவு 40 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. அதன் பின் ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டக் கற்பதற்குத் தனியாகப் பல லட்சம். பெரும்பாலான குடும்பங்களுக்கு இது வீட்டையோ நிலத்தையோ அடகு வைக்கும் கடன். உரிமம் வாங்கிய உடனே வேலை காத்திருக்கும் என்ற உறுதியும் இல்லை. கிங்ஃபிஷர் 2012இலும், ஜெட் ஏர்வேஸ் 2019இலும், கோ ஃபர்ஸ்ட் 2023இலும் பறப்பதை நிறுத்தின. 2020இல் கொரோனா வந்தபோது உலகம் முழுவதும் விமானங்கள் தரையில் நின்றன. மேலும், விமானியின் வேலை மருத்துவச் சான்றைப் பொறுத்தது. இதயத்திலோ காதிலோ ஒரு குறை வந்து சான்று கிடைக்காமல் போனால், மறுநாள் பறக்க முடியாது. அப்போது பிளஸ் டூ சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு எங்கே போவது?

இன்னொரு காரணம் ஒரு விபத்தைப் பற்றிப் படித்தபோது எனக்குப் புலப்பட்டது. 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே ஒரு சிறு பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தனர். வேகம் குறைந்து, இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் அளவுக்கு மீறினால் தூக்கு விசை போய்விடும். அந்த அபாயத்தை அறிவிக்கக் கட்டுப்பாட்டுத் தண்டு நடுங்கும். அப்போது மூக்கைக் கீழே தாழ்த்தி வேகம் கூட்ட வேண்டும். ஆனால் அந்த விமானி தண்டைத் தன் பக்கமாக இழுத்தார். மூக்கு இன்னும் மேலே எழும்பியது. இதன் பிறகு, பயணிகள் விமானத்தில் துணை விமானியாக அமரவும் 1,500 மணி நேரப் பறப்பு வேண்டும் என்று 2013இல் அங்கே விதி வந்தது. அந்த விமானத்தில் இருந்த இருவருமே 1,500 மணிக்கு மேல் பறந்தவர்கள் என்பதுதான் வேடிக்கை! இதே விதியில், அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் விமானவியலில் இளநிலைப் பட்டமும் பயிற்சியும் முடித்தவர்களுக்கு 1,000 மணி போதும் என்று சலுகை தந்தார்கள். புளோரிடாவில் உள்ள எம்ப்ரி-ரிடில் பல்கலைக்கழகம் போன்றவற்றில் படிப்பவர்கள் இதைப் பெறுகிறார்கள். அதாவது, வகுப்பறையில் முறையாகப் படித்த படிப்பு 500 மணி நேரப் பறப்புக்கு ஈடு என்று ஒரு நாட்டின் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் இத்தகைய சலுகை இல்லை.

நம் நாட்டில் இரண்டையும் சேர்த்துப் படிக்க இடம் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் ஃபர்சத்கஞ்ச் என்னும் ஊரில் 1985இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி மத்திய அரசின் பயிற்சி நிலையம். நுழைவுத் தேர்வில் ஆங்கிலம், கணிதம், இயற்பியல், பொது அறிவு கேட்கிறார்கள். உரிமப் பயிற்சியோடு மூன்றாண்டு பி.எஸ்ஸி. விமானவியலும் படிக்கும் வழி அங்கே இருந்துவருகிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதே ஊரில் விமானத் துறைக்கென்றே ஒரு மத்தியப் பல்கலைக்கழகமும் ஏற்பட்டது.

ஆனால் என் எண்ணம் சற்று வேறானது. விமானவியல் பட்டம், விமானத் துறையே படுத்துவிட்டால் கூடவே படுத்துவிடும். இயற்பியலோ கணிதமோ பொறியியலோ படித்தவளுக்கு வெளியிலும் கதவுகள் திறந்திருக்கும். கல்பனா சாவ்லா 1982இல் சண்டிகரில் விமானப் பொறியியல் பட்டம் பெற்று, அமெரிக்காவில் முனைவர் பட்டம் வரை சென்றவர். வணிக விமானி உரிமமும், பறக்கக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் தகுதியும் அவரிடம் இருந்தன. எதை முதலில் முடிப்பது என்று கேட்டால், பட்டத்தை என்பேன். உரிமத்துக்குக் காலக்கெடு உண்டு. பறக்காமல் இருந்தால் கையும் மறந்துபோகும். பட்டத்துக்குக் காலக்கெடு கிடையாது. உரிமம் வாங்கிவிட்டுக் கல்லூரிக்குப் போவது, தோசைக்கல்லைக் காயவைத்துவிட்டு மாவு அரைக்கப் போவது போலாகும். அஞ்சல் வழியில் பட்டம் படித்துக்கொண்டே பறப்பவர்களும் உண்டு. அதற்கு மிகுந்த மன உறுதி வேண்டும்.

பெண்கள் இதற்குப் புதியவர்கள் அல்லர். பிரேம் மாத்தூர் 1947இல் வணிக விமானி உரிமம் பெற்றார். பல நிறுவனங்கள் பெண் என்று மறுத்த பின் ஐதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் அவரை ஏற்றது. 1985 நவம்பரில் சௌதாமினி தேஷ்முக் தலைமையில் பெண்களே ஓட்டிய விமானம் கல்கத்தாவிலிருந்து சில்சாருக்குப் பறந்தது.

கடைசியாக, பணம் கட்டும் முன்பே மருத்துவப் பரிசோதனையை முடித்துவிட வேண்டும். கடன் வாங்கிச் சேர்ந்த பிறகு உடல் தகுதி இல்லை என்று தெரிந்தால் அந்தக் கடனை யார் அடைப்பது? சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் பார்வை மிக முக்கியம். கண்ணாடி அணிந்த தோழியர் கவலைப்பட வேண்டாம். கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் பயணிகள் விமானத்துக்குத் தடையில்லை. மாற்றுக் கண்ணாடி ஒன்றையும் கையில் வைத்திருக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான்.