கடலுக்குப் போனவர் திரும்பும்வரை பயப்படுவது விசுவாசக் குறைவா?

கேள்வி: என் கணவர் நாட்டுப்படகில் தங்குகடல் தொழிலுக்குப் போகிறவர். காற்று கொஞ்சம் கூடினாலும் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. கையில் செபமாலை இருக்கும், மனசு அதில் இருக்காது. எங்கள் அன்பியத்தில் ஓர் அக்கா, "விசுவாசம் இருந்தால் பயம் வராது" என்கிறார். அப்படியானால் எனக்கு விசுவாசம் இல்லையா? நம் முன்னோர் எவ்வளவோ அடிபட்டும் வேதத்தை விடவில்லை என்று பிரசங்கத்தில் சொல்கிறார்களே, அவர்களுக்கு மட்டும் எப்படி முடிந்தது?
– ஒரு வாசகி, திரேஸ்புரம், தூத்துக்குடி

பதில்: அன்புள்ள சகோதரி, ஒரு கேள்வி கேட்பதாக நினைத்து இரண்டு கேட்டிருக்கிறீர்கள். முதலாவது உங்களைப் பற்றியது, இரண்டாவது உங்கள் பாட்டன் பூட்டன்களைப் பற்றியது. இரண்டாவதற்கு விடை தெரிந்தால் முதலாவது தானாகவே பாதி தீர்ந்துவிடும் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் அந்த அக்கா சொன்னது. நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் நற்செய்தி நூல்கள் அப்படிச் சொல்லவில்லை. கலிலேயக் கடலில் புயல் வந்தபோது படகில் இருந்தவர்களில் சிலர் பிறவி மீனவர்கள். காற்றும் அலையும் அவர்களுக்குப் புதியவை அல்ல. அவர்களே நடுங்கிப்போய், தூங்கிக்கொண்டிருந்த இயேசுவை எழுப்பிக் கத்தினார்கள். அவர்களுடைய பயத்தை இயேசு கடிந்துகொண்டது உண்மை. ஆனால் மாற்கும் லூக்காவும் சொல்வதன்படி, காற்றை அடக்கிய பிறகுதான் கடிந்துகொண்டார். பயந்து கத்திய சத்தத்தையே மன்றாட்டாக ஏற்றுக்கொண்டார். பின்னால் கெத்சமனித் தோட்டத்தில் அவரே திகிலும் கலக்கமும் அடைந்தார் என்று மாற்கு எழுதுகிறார். பயமே விசுவாசக் குறைவு என்றால் அந்த இரவை என்ன செய்வது? 150 திருப்பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல் பாடல்கள், அதாவது கடவுளிடமே முறையிட்டு அழும் செபங்கள். அழுகிறவர்களுக்கு வேதாகமம் அவ்வளவு இடம் கொடுத்திருக்கிறது.

இறையியலும் இதையே சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தாமஸ் அக்குவினாஸ் எதிர்நோக்கு என்ற பண்பை, அதாவது கடவுளை நம்பி வருங்கால நன்மைக்குக் காத்திருப்பதை, நுணுக்கமாக ஆராய்ந்தவர். எளிதாகக் கிடைக்கக்கூடிய ஒன்றுக்கு எதிர்நோக்கே தேவையில்லை என்பது அவர் கருத்து. அடைவதற்குக் கடினமான, ஆனால் அடைய முடிகிற நன்மையைப் பற்றித்தான் எதிர்நோக்கு. அதற்கு எதிரான பாவங்கள் என்று அவர் இரண்டைச் சொல்கிறார். ஒன்று அவநம்பிக்கை: இனி எதுவும் இல்லை, கடவுளும் கைவிட்டார் என்று விட்டுவிடுவது. மற்றது மிதமிஞ்சிய நம்பிக்கை: எனக்கு ஒன்றும் ஆகாது, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று நம் பங்கைச் செய்யாமல் இருப்பது. உங்களைப் போல் கணவரை நினைத்து நடுங்குவது இந்த இரண்டிலும் சேராது.

இந்த இரண்டாவது பாவம் நம் கரைக்குப் புதிதல்ல. முத்துக்குளித்த காலத்தில் கடல்கட்டி என்று ஒருவர் இருப்பார். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதுகிறவர் அவர். அவர் கரையில் நின்று ஓதாமல் குளிகாரர் பலர் கடலில் இறங்கமாட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கை அரசில் உயர் அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னன்ட், மன்னார் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதும்போது, அப்போதைய தலைமைக் கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர் என்று குறிப்பிடுகிறார். ஆபத்து வராமல் தடுக்கும் தாயத்தாக விசுவாசத்தை நினைப்பது எவ்வளவு இயல்பு என்பதற்கு இது சாட்சி. "விசுவாசம் இருந்தால் பயம் வராது" என்ற பேச்சும் அந்தத் தாயத்தின் இன்னொரு உருவம்தான். அதை நம்பினால், காற்று அடித்ததும் தாயத்து பொய்த்துவிட்டதாகத் தோன்றும், கூடவே விசுவாசமும் போய்விடும்.

இனி முன்னோர். அவர்கள் பயமறியாத வீரர்கள் என்பது நாம் பின்னால் கட்டிக்கொண்ட சித்திரம். வரலாறு வேறு சொல்கிறது. 1530களில் முத்துப்பார்களின் உரிமைக்காக, அதாவது முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டுகளுக்காக, நடந்த சண்டையில், இந்தக் கரையின் கடல்தொழில் மக்களான பரதவரின் உயிருக்கே ஆபத்து வந்தது. பட்டங்கட்டிகள் எனப்படும் ஊர்த்தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். 1535 முதல் 1537 வரை ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பயம்தான் அவர்களைத் தொட்டியருகே கொண்டுவந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. எந்த வழியாக வந்தார்கள் என்பதைவிட, வந்த பிறகு எப்படி நிலைத்தார்கள் என்பதே நமக்கு முக்கியம்.

ஏனென்றால், எந்தப் பாதுகாப்பை நம்பி வந்தார்களோ அது விரைவிலேயே பொய்த்தது. 1544இல் வடுகர் படை, அதாவது வடக்கிலிருந்து வந்த விஜயநகரத்தின் தெலுங்கு வீரர்கள், கரையோர ஊர்களைச் சூறையாடியது. குமரிமுனைப் பக்கத்து மக்கள் கடலில் இருந்த பாறைகளுக்கு ஓடி, அங்கே பசியாலும் தாகத்தாலும் செத்தார்கள். அதே ஆண்டில் போர்த்துக்கீசிய கேப்டனின் கப்பலும் கரையிலிருந்த வீடும் எரிந்துபோக, அவரே தீவுகளுக்கு ஓட வேண்டியதாயிற்று. காப்பாற்ற வந்தவருக்கே காப்பாற்ற ஆள் தேவைப்பட்டது.

அப்போது இந்தக் கரையில் மறைப்பணி செய்துகொண்டிருந்த புனித சவேரியார் என்ன செய்தார் என்பது அவருடைய கடிதங்களிலேயே இருக்கிறது. பாறையில் தவித்தவர்களுக்காக மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளோடு புறப்பட்டார். எதிர்காற்று விடவில்லை. துடுப்பு போட்டும் முடியாமல், பட்ட பாடெல்லாம் வீணாகத் திரும்பினார். புனிதர் ஏறிய தோணிக்கே காற்று வழிவிடவில்லை, சகோதரி! அவர் அதோடு விட்டுவிடவில்லை. தரைவழியாக நடந்துபோய்ச் சேர்ந்தார். உணவில்லாதவர்கள், நடக்க முடியாத முதியவர்கள், இறந்துபோனவர்கள், வழியிலேயே பிள்ளை பெற்ற பெண்கள் என்று தாம் கண்டதை மிகுந்த துயரத்தோடு எழுதினார். கேப்டன் தீவுக்கு ஓடிய செய்தி கிடைத்ததும், புன்னைக்காயல் படகுகளில் தண்ணீரும் உணவும் ஏற்றி உடனே அனுப்பச் சொல்லி ஆலந்தலையிலிருந்து கடிதம் எழுதினார்.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த மக்கள் ஏன் வேதத்தை விடவில்லை? மூன்று காரணங்கள் தெரிகின்றன.

முதல் காரணம், செபம் அவர்கள் நாவில் இருந்தது. 1542 அக்டோபரில் இந்தக் கரைக்கு வந்த சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்த உள்ளூர்க்காரர்களைக் கூட்டி, விசுவாச மந்திரம், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை மந்திரம், பத்துக் கற்பனைகள் எல்லாவற்றையும் தமிழாக்கச் செய்து மனப்பாடமாக்கினார். பிறகு தெருத்தெருவாக மணியடித்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். நோயாளி இருக்கும் வீடுகளுக்கு அந்தப் பிள்ளைகளையே அனுப்பினார். ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளை, அதாவது சாமியார் இல்லாதபோது செபம் நடத்தும் உபதேசியார்களை, நியமித்தார். அவர்கள் சம்பளத்துக்குப் போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த 4000 பணத்தைக் கேட்டு வாங்கினார். பிறகு வந்த அண்டிரிக்கி அடிகளார் 1600இல் இறக்கும்வரை, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல், இங்கேயே உழைத்தார். 1578இல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் என்ற தமிழ் மறைக்கல்வி நூலுக்குப் பணம் கொடுத்தவர்கள் இந்தக் கரைப் பரதவர்களே. ஆகவே சொந்தச் சொல் வராத நேரத்திலும் சொல்வதற்கு அவர்களிடம் சொற்கள் இருந்தன.

இரண்டாவது காரணம், தனியாக யாரும் விசுவசிக்கவில்லை. முத்துக்குளிக்க இறங்குகிறவர் தம் கயிற்றை மச்சினன் கையில் கொடுப்பார் என்று கரையில் சொல்வார்கள். தன் அக்கா தங்கை தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் அவன் கவனம் சிதறாது. கீழே மூச்சடக்கி இருந்தவரின் கயிற்றை மேலே இருந்தவர் பிடித்திருந்தார். இந்தக் கரையின் விசுவாசமும் அப்படித்தான் நிலைத்தது. ஓர் ஊர் பாறையில் தவித்தபோது இன்னோர் ஊரிலிருந்து தோணிகள் புறப்பட்டன. ஒருவர் செபிக்க முடியாமல் கிடந்தபோது பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து செபித்தது.

மூன்றாவது காரணம், நெருக்கடியிலும் அவர்கள் வழிபாட்டுக்கு வழி தேடிக்கொண்டார்கள். இதற்குப் பெரிய சோதனை 1658இல் வந்தது. டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் கோயில்கள் பறிபோயின. பால்தேயுஸ் என்ற போதகர் பரதவரைச் சீர்திருத்த சபைக்குத் திருப்ப முயன்றார், முடியவில்லை. மக்கள் ஊருக்கு வெளியே போய்ப் பூசை கண்டார்கள், பனிமய மாதா சுரூபத்தைக் காப்பாற்றி வைத்தார்கள். முத்தும் சங்கும் குளிக்க ஆள் வேண்டுமே என்பதால் டச்சுக்காரர்கள் ஓரளவுக்கு மேல் நெருக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த இடைவெளியைப் பயன்படுத்தி விட்டுவிடாமல் இருந்தது மக்களின் செயல். 1713இல் டச்சு ஆட்சி இருக்கும்போதே இன்றைய பனிமய மாதா கோயில் எழுந்தது. ஆண்டுதோறும் ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை நீங்கள் கூட்டத்தில் நிற்கும் திருவிழா அந்த நினைவின் தொடர்ச்சி. 1687இல் இதே தூத்துக்குடியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறிய புனித யோசேப்பு வாஸ் அடிகளாரையும் நினைத்துக்கொள்ளுங்கள். பிச்சைக்காரர் வேடத்தில் போய், டச்சுக்காரர் தடைக்குள் மறைந்து வாழ்ந்த இலங்கைக் கத்தோலிக்கரைத் தேடிப்போனவர். மறைந்திருப்பதும் ஓடிப்போவதும்கூடச் சில நேரம் விசுவாசத்தின் செயல்கள்தான்.

ஆக, முன்னோருக்குப் பயம் இல்லாமல் போகவில்லை. பயத்தோடு செய்வதற்கு அவர்களிடம் வேலை இருந்தது. அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

காற்று கூடும் இரவில் மனம் செபத்தில் நிற்கவில்லையே என்று வருந்தாதீர்கள். மனம் நிற்காத நேரத்துக்காகத்தான் மனப்பாடச் செபம் இருக்கிறது. உதடு சொல்லட்டும். பயத்தையும் அப்படியே கடவுளிடம் சொல்லுங்கள், திருப்பாடல்கள் உங்களுக்கு முன்னோடி.

தனியாக உட்கார்ந்து பயப்படாதீர்கள். அதே கடலில் ஆள் போயிருக்கும் இன்னொரு வீட்டுக்குப் போங்கள், அல்லது அவர்களைக் கூப்பிடுங்கள். அந்த அன்பியத்து அக்காவையும் கூப்பிடலாம். சேர்ந்து உட்கார்ந்தால் அவருக்கும் பயம் உண்டு என்பது தெரியவரும்.

செபத்தோடு செய்ய வேண்டியதையும் செய்யுங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த பலருக்கு எச்சரிக்கையே எட்டவில்லை. உயிர்காப்புச் சட்டை படகில் இருக்கிறதா, வயர்லெஸ் வேலை செய்கிறதா, வானிலை அறிவிப்பைக் கேட்டார்களா என்று கணவரிடம் கேளுங்கள். அப்படிக் கேட்பது கடவுளைச் சந்தேகிப்பதாகாது, மிதமிஞ்சிய நம்பிக்கையில் விழாமல் இருப்பதாகும்.

வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, கடல் அமைதியாக இருக்கும் நாளிலும் நெஞ்சு படபடத்தால் அது மனப்பதற்ற நோயாக இருக்கலாம். அதாவது காரணம் விலகிய பிறகும் உடம்பு பயத்திலேயே நின்றுவிடும் நிலை. அதற்கு மருத்துவரிடம் போங்கள். காய்ச்சலுக்குப் போவதற்கு வெட்கப்படாதவர்கள் இதற்கும் வெட்கப்பட வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. ஒருவேளை அவர் திரும்பாவிட்டால்? எந்தச் சாமியாரும், எந்த இறையியலும் அவர் நிச்சயம் திரும்புவார் என்று உங்களுக்கு வாக்குத் தர முடியாது. 1544இல் பாறைக்கு ஓடியவர்கள் எல்லோரும் திரும்பவில்லை. கிறிஸ்தவ எதிர்நோக்கு அதைவிடப் பெரிய ஒன்றைச் சொல்கிறது: சிலுவையில் கைவிடப்பட்டவராகக் கதறியவரைக் கடவுள் உயிர்ப்பித்தார், ஆகவே கடல் கொண்டவர்களும் அவர் கைக்கு வெளியே இல்லை. கல்லறைத் திருநாளில், உடல் கிடைக்காதவர்களுக்காகவும் மெழுகுதிரி ஏற்றும் நம் கரைப் பெண்கள் இதைத்தான் நம்புகிறார்கள். அவர்களில் ஒருவரிடமாவது, பயப்படாமலா இருந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

உங்களுக்கு விசுவாசம் இருக்கிறது, சகோதரி. இல்லாவிட்டால் அந்த இரவில் செபமாலையைத் தேடிக் கை போயிருக்காது. உங்கள் கணவரும் அவரோடு தொழிலுக்குப் போகிறவர்களும் பத்திரமாகக் கரை சேர நானும் செபிக்கிறேன்.