படகுக்கும் கப்பல் டிக்கெட்

கேள்வி: கடலில் தானே ஓடக்கூடிய சொந்தப் படகைச் சரக்குக் கப்பலில் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்களாமே, ஏன்?
– வாசகர், கே.ஜி.கண்டிகை

பதில்: புது டிராக்டர் லாரியில் ஏறித் திருத்தணிக்கு வருகிறதே, அதே கணக்குதான். ஓட்டிப்போனால் டீசல், மாலுமிச் சம்பளம், இன்ஜின் தேய்மானம். புயல் பயம் வேறு. சின்னப் படகை ஏற்றுவது சுலபம்: டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் கணபதி, வருண் தக்கர் ஓட்டிய 49er வகைப் படகு 5 மீட்டர்கூட இல்லை. பாய்மரம் முதலியவற்றைக் கழற்றினால் கன்டெய்னரில் அடங்கிவிடும். பெரிய படகைக் கிரேனில் தூக்கி, மேல்தளத்தில் இரும்புத் தொட்டிலில் உட்காரவைத்து இறுக்கிக் கட்டுவார்கள். அந்தத் தொட்டிலில்தான் உயிர் இருக்கிறது. 2019 மே மாதம் ‘மை சாங்’ என்ற 130 அடிப் பாய்மரப் படகு மத்தியதரைக் கடலில் கப்பலிலிருந்து விழுந்தது. தொட்டில் சரிந்ததே காரணம், அது படகுக்காரர் கொடுத்தது என்றது அனுப்பிய கம்பெனி. கோடீஸ்வரர் ஆனாலும் லக்கேஜ் சண்டை தப்பாது போலும்!