மக்தப் பிரிண்டருக்கு எந்த கார்ட்ரிட்ஜ்?



மக்தப் வினாத்தாளும் கல்வி உதவி விண்ணப்பமும் அச்சிட நாம் செலவிடுவது மக்கள் தந்த ஸதகா பணம். அது அமானத். அதனால் கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது விலையோடு, எத்தனை பக்கம் வரும் என்பதையும் பார்க்கச் சொல்கிறோம்.

இங்க்ஜெட் பிரிண்டர் என்றால் மை, லேசர் என்றால் டோனர் பொடி. ஹெச்பி 680 கறுப்பில் சுமார் 480 பக்கம் வரும், கலரில் 150தான். லேசர்ஜெட் 1020க்குப் போடும் 12ஏ டோனரில் சுமார் 2,000 பக்கம். இதெல்லாம் எழுத்துக் குறைவான மாதிரித் தாளை வைத்துச் சொல்லும் கணக்கு. கட்டம் போட்ட படிவம், நெருக்கமான அரபிப் பாடம் என்றால் குறையும்.

ரமலான் விடுமுறை முழுக்கச் சும்மா கிடந்தால் இங்க்ஜெட்டில் மை காய்ந்து துவாரம் அடைத்துக்கொள்ளும். டோனர் காயாது. சாய மையில் அச்சிட்ட தாள் மழையில் நனைந்தால் எழுத்து கரைந்துவிடும். ஏழை மாணவர் தாலுகா ஆபீஸுக்குக் கொண்டுபோகும் விண்ணப்பத்தை லேசரில் எடுத்துக் கொடுப்பதே நல்லது என்போம்.

12ஏ-யை ரீஃபில் செய்யலாம். ஆனால் டிரம்மும் அதற்குள்ளேயே இருப்பதால், அது தேய்ந்தபின் எத்தனை முறை பொடி நிரப்பினாலும் தாளில் கறை விழும். பிரதர் லேசரில் டோனர் வேறு, டிரம் வேறு. டோனர் தீர்ந்ததற்கு டிரம்மும் வாங்க வேண்டியதில்லை, கடைக்காரர் சொன்னாலும்!

மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, பழைய கார்ட்ரிட்ஜையும் கையோடு கொண்டுபோங்கள். 12ஏ கேட்கும் பிரிண்டரில் 88ஏ பொருந்தாது. உறையைப் பிரித்துவிட்டால் பல கடைகளில் திரும்ப எடுக்கமாட்டார்கள்.