பொன் விளிம்புக் கிண்ணம்

ஐதராபாத்தில் 1951-இல் திறக்கப்பெற்ற சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் ஆங்கிலப் பீங்கான் கலங்களைக் காணலாம். டபராவில் காப்பி குடித்து வளர்ந்த எனக்கு, வேதியியல் மாணவன் என்ற முறையில் ஒரு வினா எழுந்தது: காப்பிக் கிண்ணத்தின் விளிம்பில் பொன் ஒட்டுவது எங்ஙனம்?

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத் தொழிற்கூடங்களில் பொன்னைப் பாதரசத்தோடு குழைத்துப் பூசிச் சூளையிலிட்டனர். பாதரசம் ஆவியாயிற்று, மங்கிய பொன் நின்றது. அகேட் கல்லால் தேய்க்கவே அது ஒளிர்ந்தது. அவ்வாவியோ நஞ்சு, நரம்பைத் தாக்க வல்லது.

1830-ஐ ஒட்டிச் செருமனியின் மைசன் ஆலையில் நீர்மப் பொன் உருவாயிற்று. தேய்க்காமலே மின்னும், படலம் மெல்லியதாதலின் விரைவில் அழியும்.

ஆகவே, பழங்கிண்ணம் சேர்ப்போர் விளிம்பை உற்று நோக்குக. தடித்து அடக்கமாக ஒளிரும் பொன், பெரும்பாலும் கையால் மெருகிட்டது. அதைச் சாம்பலிட்டுத் தேய்க்கற்க. பொன்னை வியக்கையில், நஞ்சை மூச்சாக இழுத்த தொழிலாளரையும் நினைக!